சப்பிரகமுவைத் தோட்டங்களிற் கத்தியின் வடிவம்

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் விலை, சட்டம், குடிப்பெயர்வு ஆகிய மூன்றினையே அடிப்படையாகக் கொண்டனர். அவை இன்றியமையாதனவே. ஆயினும், அதிகாலையில் லயத்தை விட்டுப் புறப்படும் தொழிலாளி நாள்தோறும் தன்னுடன் எடுத்துச் சென்ற கருவி அவ்வெழுத்துக்களில் அரிதாகவே தலைகாட்டுகின்றது. கத்தி என்று ஒரு சொல்லாற் சுட்டிவிடுகின்றோம். ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிற் கத்தி ஒன்றன்று. பால்வெட்டும் கத்தி, கவ்வாத்துக் கத்தி, ஒட்டுக்கட்டும் மடக்குக் கத்தி என அவை பலவாகும். ஒவ்வொன்றின் அலகும் ஒவ்வொரு வடிவினது. அவ்வடிவங்களைத் தெரிந்தவர் யாவர், எக்காரணம் பற்றித் தெரிந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இப்பிரதேசத்துக்கு உருக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், நீர்த்தேக்கம் அமைக்கப்படுமுன் மேற்கொள்ளப்பட்ட அகழாய்வுகள், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளிற் பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்புலைகளை வெளிப்படுத்தின. கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அத்தகைய உலையொன்றை மீள அமைத்து இயக்கிக் காட்டி, அதிற் கரிச்செறிவு மிக்க உருக்கும் உண்டாதலை 1996இல் வெளியிட்டார். கி.பி. முதலாம் ஆயிரவாண்டின் பிற்பகுதியில் இவை தொழிற்பட்டன. கத்தியின் வாய்க்கு உரிய உலோகத்தை ஆக்கத் தெரிந்த மண் இது. எனினும், அம்மண்ணிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த தோட்டங்களின் கருவிகள் உள்ளூர்க் கொல்லனின் மரபிலிருந்து பிறந்தவை அல்ல. அவற்றின் வடிவத்தை நிருணயித்தது பிறிதொரு தேவை.

அத்தேவை ஒரு மரத்தின் பட்டையில் இருந்தது. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இறப்பர் விதைகள் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, 1876இல் ஏறத்தாழ 1900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வளர்ந்தன. அமேசன் காடுகளிற் சிறுகோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பதே வழக்கம். கோடரி கொத்தும், அதன் ஆழத்தைக் கை முற்றாகக் கட்டுப்படுத்துதல் இயலாது. காட்டு மரம் எண்ணிறந்ததாதலின் அங்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. நட்டு வளர்த்து, பல ஆண்டுகள் காத்திருந்து பயன் பெறவேண்டிய தோட்டத்துக்கோ அது பொருந்தாது.

இரு கண்டுபிடிப்புகள் கோடரியை விலக்கின. சிங்கப்பூரில் எச். என். ரிட்லி, கொத்துவதை விடுத்துப் பட்டையின் மெல்லிய படலத்தைச் சீவுதலே தக்கது எனக் காட்டினார். இலங்கையில் ஜோன் பார்க்கின் 1898-99ஆம் ஆண்டுகளிற் செய்த பரிசோதனைகள், முன்னர் வெட்டிய இடத்தையே மீண்டும் திறக்கும்போது மரம் கூடுதலாகப் பால் சுரத்தலைத் தெளிவாக்கின. ஒரே காயத்தை மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் நூலளவே, திறத்தல் வேண்டும். இதுவே புதிய விதி. இவ்விதியை நிறைவேற்றக்கூடிய அலகு எது?

விடை எளிதிற் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் புதிய பால்வெட்டுக் கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. போமன்-நோத்வே கத்தி, மிச்சி-கொலெஜ் கத்தி என அவை தோட்டத்துரைமாரின் பெயர்களாலேயே வழங்கின. 1906 செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவில் நடைபெற்ற இறப்பர்க் கண்காட்சியிற் பால்வெட்டுக் கருவிகளும் பார்வைக்கு வைக்கப்பட்டன. இன்று நமது பல்கலைக்கழகம் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்புறத்தே இது நிகழ்ந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

அவற்றுள் மிச்சி-கொலெஜ் கத்தியே இலங்கையில் நிலைபெற்றது. அதன் வடிவத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். குத்துவதற்குரிய கூர்நுனி அதற்கில்லை. நீண்ட தண்டின் முடிவில் அலகு ஒரு கோணமாக மடிந்திருக்கும். மடிப்பின் ஒரு பக்கம் பட்டையைச் சீவுகையில், மறுபக்கம் உட்புறத்தே வரம்பு போல நின்று பால் வடியும் வாய்க்காலை அமைக்கின்றது. பாற்குழாய்கள் பட்டையின் உட்பகுதியிலேயே செறிந்துள்ளன; அவற்றுக்கும் அப்பால் மரத்தின் வளர்படை இருக்கின்றது. வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முன்னரே கத்தி நிற்றல் வேண்டும். மேலோடு நின்றாற் பால் குறையும்; ஆழ்ந்தால் வளர்படை புண்படும். புண்பட்ட இடத்திற் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். பின்னர் அங்கு வெட்டவியலாது. பாற்குழாய்கள் நேர்செங்குத்தாகச் செல்லாது சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், வெட்டு இட மேற்புறத்திலிருந்து வலக் கீழ்ப்புறம் நோக்கிச் சரிகின்றது. அவ்வாறாயின் கூடுதலான குழாய்கள் அறுபடும். இத்தனையையும் ஒரு தொழிலாளி, ஆணாயினும் பெண்ணாயினும், வெயில் ஏறுமுன், 250 முதல் 300 வரையான மரங்களிற் செய்து முடித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாதிருக்க முடியவில்லை. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டையை அளவுகோலின்றிக் கையுணர்வால் மட்டும் மிச்சம் வைக்கின்ற இவ்வேலையைச் செய்தோர், தோட்டத்துப் பதிவுகளிலே ‘கூலிகள்’ என்றே எழுதப்பட்டனர். கத்திக்குப் பெயர் தந்தவர் துரைமார். கத்தியைப் பயன்படுத்தத்தக்கதாக்கியது பிறர் கை. அலகைத் தீட்டும் கோணத்தை ஆளுக்கு ஆள் மாற்றி, தத்தம் கைக்கு இசையச் செய்தோர் அவரே. வடிவத் தெரிவில் அவர்க்குப் பங்கில்லை என்னும் முடிவு, எழுத்துச் சான்றை மட்டுமே சான்றாகக் கொள்வதால் வரும் பிழையாகும்.

1910இல் இலண்டனில் இறப்பரின் விலை இறாத்தலுக்கு 12 சிலிங்குக்கு மேல் ஏறியது. களனி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரிப் பக்கத்திலும் இறப்பர் பரந்தது. பின்னர் விலை வீழ்ந்தமையும், 1922இலும் 1934இலும் உற்பத்திக் கட்டுப்பாடுகள் வந்தமையும் பலர் எழுதிய செய்திகள். கத்தியின் வரலாற்றில் 1942ஆம் ஆண்டே முக்கியமானது. அவ்வாண்டு மலாயா யப்பானியரிடம் வீழ்ந்ததும், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பர் நிலங்களுள் இலங்கை தலையாயதாயிற்று. முதிய மரங்களை, மீளவளர்வதைக் கருதாது, பால் வற்றும்வரை வெட்டித் தீர்க்கும் முறை அனுமதிக்கப்பட்டது. ‘கொலைவெட்டு’ என அதனைக் கூறுதல் பொருந்தும். பட்டையைக் காப்பதற்கென்றே மடிக்கப்பட்ட அலகு, மரத்தைத் தீர்க்கும் கருவியாயிற்று. வடிவம் மாறவில்லை, கட்டளை மாறியது. கருவியின் வடிவத்தைக் கொண்டு மட்டும் அதன் பயனை முடிவுசெய்வோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

வெட்டித் தீர்ந்த மரங்களுக்கு ஈடாக மீள்நடுகை வேண்டியிருந்தது. 1952இற் சீனாவுடன் அரிசி-இறப்பர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1953இல் மீள்நடுகை மானியத் திட்டம் தொடங்கியது. விதைக்கன்றுகளுக்குப் பதிலாக அரும்பொட்டுக் கன்றுகள் பரவலாக நடப்பட்டன. நாற்றுமேடைகளில் மடக்குக் கத்தி முதன்மை பெற்றமை இத்தொடர்பிலேயே விளங்கும்.

மடக்குக் கத்தியைத் தெரிவோர்முன் மூன்று வடிவங்கள் இருந்தன எனலாம். கொக்கிபோல வளைந்த அலகு இழுத்து அறுப்பதற்கு உகந்தது. சிறுகிளைகளை நறுக்க நன்று. பட்டையில் நேர்கோடு கீறுவதற்கு உதவாது. கூர்நுனி அலகு எதற்கும் ஆகும். ஆயினும் அதன் நுனி பட்டையைக் கடந்து கட்டையிற் பாயும். மூன்றாவது, வாய் நேராகவும் முதுகு நுனியருகே கீழ்நோக்கி இறங்கியும் அமைந்த மழுங்குநுனி அலகு. ஒட்டுக்கட்டுவோன் கன்றின் பட்டையிற் கோடுகள் கீறி, தோலை விலக்கி, அரும்புள்ள பட்டைத்துண்டைப் பொருத்திக் கட்டுகின்றான். ஏறத்தாழ மூன்று கிழமைகளின் பின் கட்டவிழ்த்துப் பார்க்கின்றான். கீறல் நேராகவும் ஆழம் ஒருபடித்தாகவும் இருந்தாலன்றி ஒட்டுப் பிடியாது. ஆதலின் நேர்வாய் அலகே ஏற்றது. பிடியின் மறுமுனையில் எலும்பினாலோ பிறவற்றாலோ ஆன தட்டையான நாக்கொன்று அமைந்த கத்திகளும் உண்டு. அது தோலை விலக்குவதற்கு. மடக்கி மடியில் வைத்துக்கொள்ளத்தக்கதாதலின், வேலை முடிந்த பின்னரும் அது உரியவனோடேயே சென்றது. பாக்கின் தோலுரித்தல், கயிறறுத்தல் முதலிய வீட்டுக் காரியங்களுக்கும் அதுவே உதவிற்று. பலாங்கொடை, இறக்குவானைத் தேயிலைத் தோட்டங்களின் கவ்வாத்துக் கத்தியோ மடக்கப்படாதது. தடித்த கிளையை ஒரே வீச்சில் அறுக்கவேண்டிய பாரமும் வளைவும் கொண்டது. அதனை மடியிற் செருக எவரும் துணியார்.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சென்றோருள் ஒரு பகுதியினர், கேரளத்தின் புனலூரில் 1976இல் நிறுவப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்திலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் 1984இல் உருவான அரசு இரப்பர்க் கழகத்திலும் தொழில் பெற்றனர். நாடு மாறியது, ஆவணத்திற் குடியுரிமை மாறியது, புதிய ஊரார் அவர்களை ‘சிலோன்காரர்’ என்றனர். ஆனால் தென்னிந்திய இறப்பர்த் தோட்டங்களிலும் வழங்கியது மிச்சி-கொலெஜ் கத்தியே. கேகாலையிற் பழகிய கை அங்கும் அதே மடிப்பலகைப் பற்றி, இட மேற்புறத்திலிருந்து வலக் கீழ்ப்புறமாக வெட்டத் தொடங்கிற்று.