ஒரே கையின் துப்பாக்கியா? வில்லியம்ஸ்பர்க் படமும் கெடி சகோதரர்களின் விளம்பரமும்

வேட்டைக்குரிய அமெரிக்க நீள்ரைஃபிளைக் குழல் முதல் கடைசித் திருகு வரை ஒரே கொல்லர் தம் பட்டறையிலேயே செய்து முடித்தார் என்ற கருத்துக்கு ஆதாரம் கேட்டால், பெரும்பாலும் ஒரு படம்தான் சுட்டப்படுகிறது. காலனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகம் 1969இல் வெளியிட்ட ‘கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்’ அது. அதில் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர் பழைய கருவிகளை மட்டும் கொண்டு ஒரு ரைஃபிளை முழுமையாகச் செய்கிறார். இரும்பும் பித்தளையும் மரமும் உள்ளே போகின்றன; சுடக்கூடிய துப்பாக்கி வெளியே வருகிறது. இதைப் பார்த்தபின் பழைய கைவினைஞர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று ஒரு சாரார் முடிவுகட்டிவிட்டனர். அந்த முடிவு அவசரமானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கஸ்லரின் திறமையைப் பற்றி இங்கே கேள்வியே இல்லை. குழல் உருவாகும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். நீண்ட இரும்புப் பட்டையைக் காய்ச்சி, தண்டின் மேல் வளைத்து, விளிம்போடு விளிம்பைப் பற்றவைக்க வேண்டும். ஒரு சூட்டில் சில அங்குலம்தான் பற்றும். இரும்பு மறுபடியும் உலைக்குப் போகும். சூடு குறைந்தால் இணைப்புக்குள் கசடு தங்கிவிடும். மிஞ்சினால் இரும்பே எரிந்து பொரியும். பற்றவைத்த குழலைத் துளைகடைந்து, நேராக்கி, வெளிப்புறத்தை எண்பட்டையாக அராவியபின் உட்புரி வெட்டும் வேலை தொடங்குகிறது. திருகுப்பள்ளம் கொண்ட மர உருளையைத் தள்ளி இழுக்க, கோலின் நுனியிலுள்ள சிறு வெட்டுப்பல் குழலுக்குள் சுழன்றபடி செல்லும். ஒவ்வொரு இழுப்பும் மயிரிழை அளவே சுரண்டும். பள்ளம் ஆழமாக வேண்டுமானால் பல்லின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் செருகப்படும். இவ்வளவையும் ஒரே மனிதர் செய்ய முடியும் என்பதைப் படம் ஐயமின்றி நிறுவுகிறது.

முடியும் என்பது ஒன்று. அன்றாடம் அப்படி நடந்தது என்பது வேறு.

அதே ஊரின் சான்று ஒன்று இங்கே கவனத்துக்குரியது. டேவிட் கெடி, வில்லியம் கெடி என்னும் சகோதரர்கள் 1751 ஆகஸ்டில் ‘வர்ஜீனியா கெஸட்’ இதழில் விளம்பரம் செய்தார்கள். துப்பாக்கி வேலை, கத்தி வேலை, வார்ப்பு வேலை மூன்றும் தங்களிடம் உண்டு என்பது அதன் சாரம். துப்பாக்கி வேலை என்ற தலைப்பில் கட்டைகள், பூட்டுகள் (சுடும் பொறிகள்), உலோக உறுப்புகள் வருகின்றன. குழலைப் பொறுத்தவரை நீலமேற்றுதல், துளைகடைதல், உட்புரி வெட்டுதல் என்று மூன்று பணிகள் சொல்லப்படுகின்றன. ‘எல்லாம் ஒரே கூரையின்கீழ்’ என்பதற்கு இந்தப் பட்டியலையே எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த மூன்றும் ஏற்கெனவே உருவான குழலின் மேல் செய்யும் வேலைகள். குழலை அடித்துப் பற்றவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. பட்டியலில் அதைக் காணோம்.

விளம்பரம் வாடிக்கையாளருக்கானது, செய்முறைக் குறிப்பல்ல என்று மறுப்பு எழலாம். நியாயந்தான். ஆனால் கெடி சகோதரர்கள் அடக்கி வாசிப்பவர்கள் அல்லர். அதே விளம்பரத்தில் குதிரைகளின் குடற்புழுவை ஒழிக்கும் மருந்தையும் விலையோடு விற்கிறார்கள். புழுமருந்துக்கு இடம் தந்தவர்கள், சொந்தமாகக் குழல் அடிக்கும் பெருமையை மட்டும் விட்டுவைத்திருப்பார்களா? விடுபாடு தனியாக எதையும் நிறுவாது என்பது உண்மையே. ஆயினும் குழல் வெளியிலிருந்து வந்தது என்று கொள்வதே இயல்பான வாசிப்பாகத் தோன்றுகிறது. வார்ப்பு வேலையின் கதை வேறு. கெடி மனையில் நடந்த அகழாய்வில் வார்ப்படத் தொழிலின் தடயங்கள் கிடைத்தன. பித்தளை உறுப்புகள் அங்கேயே உருவாயின என்பதை ஏற்கத் தடையில்லை.

லண்டன் நிலைமையும் இந்த வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜோசப் மான்டன் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குழல் அடித்தவர் சார்ல்ஸ் லங்காஸ்டர். அவர் 1826இல்தான் சொந்தக் கடை திறந்தார். 1814இல் தனித் தொழில் தொடங்கிய ஜேம்ஸ் பர்டி, அதற்குமுன் மான்டனிடம் கட்டை பொருத்தும் வேலையில் இருந்தவர். பூட்டின் மேலுள்ள பெயர் பொறுப்பேற்றவரின் பெயர். உளி பிடித்த கைகள் பல. காலனிகளில் பட்டறை சிறியதாயினும், இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பூட்டுகள் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் இறக்குமதி நின்றதே என்பார்கள். நின்றது, ஆனால் அந்த நெருக்கடியில் ஃபிரெடரிக்ஸ்பர்க், ரப்பஹானக் போன்ற இடங்களில் கிளம்பியவை கூட்டு உழைப்பு நடந்த ஆயுதச் சாலைகள். தனிக் கொல்லர் வாதத்துக்கு அதில் ஆதாயம் ஏதுமில்லை.

அப்படியானால் ரைஃபிள் கொல்லரின் கைத்திறன் எங்கே இருந்தது? பொருத்துவதில். சுருள்வரி ஓடும் மேப்பிள் கட்டையில், எண்பட்டைக் குழல் மூச்சுவிட இடமின்றி அமரும்படி பள்ளம் எடுக்க வேண்டும். பூட்டின் உட்பகுதிக்குக் குழி தோண்டும்போது ஓரம் சிதறக் கூடாது. அடிப்பிடியின் வளைவு சுடுபவரின் தோளுக்கும் கன்னத்துக்கும் இசைய வேண்டும். பழைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கண்ணில் படும் இடமெல்லாம் வழவழப்பு. குழலின் அடிப்புறத்திலோ அரத்தின் கீறல்கள், கட்டையின் உட்பள்ளத்திலோ உளியின் கொத்துகள் அப்படியே கிடக்கும். எங்கே நேரம் செலவிட வேண்டும், எங்கே கூடாது என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய நகல்கள் பல உள்ளேயும் மெருகேறி நிற்கின்றன. அது மேலான வேலையாக இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு வேலை அல்ல.

இதனால் நகல்களைத் தரம்பிரிக்கும் முறையும் மாறியாக வேண்டும். அசலையே பக்கத்தில் கிடத்திக்கொண்டு செய்வதை அத்துறையினர் ‘பெஞ்ச் காப்பி’ என்கிறார்கள். அதைச் செய்பவர் கடையில் விற்கும் குழலையும் ஆயத்தப் பூட்டையும் வாங்கினால், முழுக்கைவேலைக்கு ஒரு படி கீழே வைக்கப்படுகிறார். மேலே சொன்ன வாசிப்பு சரியென்றால், வேலைப் பங்கீட்டில் அவரே கெடி சகோதரர்களுக்கு நெருக்கமானவர். அவர் வாங்கும் குழல் இயந்திரத்தில் கடைந்தது என்ற வேறுபாடு உண்டு. ஆனால் அது குழல்காரரின் கணக்கில் சேர வேண்டிய வேறுபாடு, கட்டை பொருத்துபவரின் கணக்கில் அல்ல. நகலொன்றை வரலாற்றுச் சான்றாக முன்வைப்பவர்கள் எந்த உறுப்பு எந்தப் பட்டறையில் உருவானது, மறைவான பரப்புகள் எவ்வளவு அராவப்பட்டன என்ற இரண்டையும் பதிவுசெய்தால், அசலின் குழலடியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும்.