மண் ஈர உணரிகளின் வரலாறு

பயிருக்கு எப்போது தண்ணீர் விடுவது, எவ்வளவு விடுவது என்பது வேளாண்மையின் பழைய கேள்விகளுள் ஒன்று. இதற்கு விடை சொல்ல மண்ணுக்குள் பதிக்கப்படும் கருவியே மண் ஈர உணரி. இன்று இவ்வுணரிகள் இணையத்துடன் இணைக்கப்பட்டு, வயலின் நிலையை விவசாயியின் கைபேசிக்கு அனுப்புகின்றன. இந்த நிலையை எட்ட ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

கையால் பதம் பார்த்தல்

கருவிகள் வருவதற்கு முன் விவசாயியின் கையே கருவியாக இருந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை பிடித்தால் ஈரம் உண்டு. உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும். தமிழில் ‘பதம் பார்த்தல்’ என்பது இதுதான். இலை வாடுவதையும், நடக்கும்போது காலில் மண் ஒட்டுவதையும் வைத்தும் கணித்தார்கள். இந்த அறிவு பெரும்பாலும் மேல்மண்ணைப் பற்றியது. ஒரு முழத்துக்குக் கீழே வேர்ப்பகுதியில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மேலே காய்ந்திருக்கும் மண் அடியில் நிறைந்த ஈரத்தோடு இருக்கலாம்.

முதல் கருவிகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மண் இயற்பியலாளர் வில்லார்ட் கார்ட்னரும் அவருடைய குழுவினரும் 1922இல் நுண்துளைப் பீங்கான் குப்பியைப் பயன்படுத்தி மண்ணின் நீர் இழுவிசையை அளக்கும் முறையை விளக்கினர். நீர் நிரம்பிய குழாயின் நுனியில் இந்தக் குப்பி இருக்கும். மண் காயக் காய, குப்பியின் வழியே நீரை உறிஞ்சும். அப்போது குழாய்க்குள் உருவாகும் வெற்றிடத்தின் அளவை மானி காட்டும். மண்ணிலிருந்து நீரை எடுக்க வேர் எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பதை இக்கருவி நேரடியாகச் சொன்னது. இதுவே டென்சியோமீட்டர் எனப்படுகிறது.

1940இல் மிச்சிகனில் ஜார்ஜ் பொயூக்கஸ் ஜிப்சக் கட்டி முறையை வெளியிட்டார். ஜிப்சத்துக்குள் இரண்டு மின்முனைகளைப் பதித்து மண்ணில் புதைத்தால், ஈரம் குறையக் குறைய மின்தடை கூடும். மலிவான இந்த முறை ஈரத்தை மின்குறியாக மாற்றியது. பின்னாளில் உணரிகளைக் கணினியோடு இணைக்க இந்த மாற்றமே அடிப்படை.

1980இல் கனடாவின் டாப், டேவிஸ், அன்னன் ஆகியோர் மின்காந்தத் துடிப்பு மண்ணுக்குள் பயணம் செய்யும் நேரத்தைக் கொண்டு ஈரத்தைக் கணக்கிடும் வாய்பாட்டை வெளியிட்டனர். நீரின் மின்கடவா மாறிலி ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கு 5க்கும் குறைவு. இந்தப் பெரிய வேறுபாட்டையே அவர்களின் முறை பயன்படுத்திக்கொண்டது. இன்று விற்பனையாகும் மின்தேக்கு வகை உணரிகளும் இதே பண்பை நம்பியே இயங்குகின்றன.

கம்பியில்லா வலையமைப்பு

இக்கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குறை இருந்தது: யாராவது வயலுக்குப் போய் அளவைப் படித்து வர வேண்டும். 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர் தொடங்கிய ‘ஸ்மார்ட் டஸ்ட்’ ஆய்வு, உணரி, வானொலி, மின்கலம் மூன்றையும் ஒரே சிறு கருவியில் அடக்க முயன்றது. அதன் வழிவந்த சிறு கணுக்கள் 2000களின் தொடக்கத்தில் வட அமெரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் சோதிக்கப்பட்டன. ‘பொருள்களின் இணையம்’ என்ற சொற்றொடரை 1999இல் கெவின் ஆஷ்டன் பயன்படுத்தினார். ஆனால் அவர் அப்போது பேசியது வயலைப் பற்றி அல்ல. கடைச் சரக்குகளைப் பற்றி.

குறைந்த மின்சாரத்தில் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் சிறு செய்திகளை அனுப்பும் லோரா போன்ற நுட்பங்கள் 2010களில் பரவின. அதன்பின் கைபேசிக் கோபுரம் அருகில் இல்லாத வயல்களிலும் உணரிகளைப் பயன்படுத்த வழி பிறந்தது.

இந்திய அனுபவம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் 2000களின் நடுவில் கர்நாடகத்தின் பாவகடா வட்டாரத்தில் ‘காமன்சென்ஸ் நெட்’ என்ற திட்டத்தை நடத்தின. மழையை நம்பி நிலக்கடலை பயிரிடும் ஏழை விவசாயிகளுக்குக் கம்பியில்லா உணரிகள் உதவுமா என்பதே ஆய்வின் கேள்வி. மானாவாரி நிலத்தில் ஈரம் குறைவதை அறிவது ஒன்று. பாய்ச்சத் தண்ணீர் இருப்பது வேறொன்று. பாசன வசதி உள்ளவருக்குக் கிடைக்கும் பயன் மானாவாரி விவசாயிக்கு அப்படியே கிடைப்பதில்லை.

இந்திய விவசாயிக்கு முதலில் நெருக்கமானது உணரி அல்ல, மோட்டார் சுவிட்சு. இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு நடந்துபோவது பலருக்கும் அன்றாடத் துன்பம். புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’, மின்சாரம் இருக்கிறதா என்று கைபேசியில் அறிந்து, இருந்த இடத்திலிருந்தே மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் வழிசெய்தது. கோயம்புத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் எளிய மண் ஈரங்காட்டி ஒன்றை வடிவமைத்தது. நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளில் எது எரிகிறது என்று பார்த்தால் போதும். எண்களைப் படிக்க வேண்டியதில்லை.

மூன்று நிறங்கள்

இதே எண்ணத்தை ஆஸ்திரேலிய அறிவியலாளர் ரிச்சர்ட் ஸ்டிர்சேக்கர் ‘கெமிலியன்’ கருவியில் கையாண்டார். வெவ்வேறு ஆழங்களில் உணரிகள் பதிக்கப்படும். நீலம் என்றால் ஈரம், பச்சை என்றால் மிதமான ஈரம், சிவப்பு என்றால் வறட்சி. படிப்பான் இந்த அளவுகளை இணையத்துக்கு அனுப்ப, பருவம் முழுவதும் நிறங்கள் மாறிய விதம் ஒரு படமாகத் தெரியும்.

2013 முதல் மொசாம்பிக், தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளின் சிறு பாசனத் திட்டங்களில் இது பயன்படுத்தப்பட்டது. விவசாயிகள் பலர் தேவைக்கு மேல் தண்ணீர் விட்டுவந்தது அப்போது புலப்பட்டது. மிகுதியான நீர் நைட்ரேட் சத்தை வேருக்குக் கீழே அடித்துச் சென்றுவிடும். போட்ட உரம் பயிருக்குச் சேராது. பாய்ச்சும் தடவைகளைக் குறைத்த விவசாயிகள் பலருக்கு விளைச்சல் கூடியது. மிச்சமான நேரம் வேறு வேலைக்கு உதவியது. தண்ணீர்ச் சண்டைகளும் தணிந்தன. உணரி இல்லாத அண்டை விவசாயிகளும் பார்த்துப் பின்பற்றினர். ஆனால் கருவி மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. சந்தை, இடுபொருள், வாய்க்கால் பராமரிப்பு ஆகியவற்றை விவசாயிகள் கூடிப் பேசும் மன்றங்களும் அதே திட்டத்தில் அமைக்கப்பட்டிருந்தன.

தரவு யாருக்குச் சொந்தம்?

உணரிகள் பெருகியபோது புதிய சிக்கலும் வந்தது. 2013இல் மொன்சாண்டோ நிறுவனம் வானிலை, வயல் தரவுகளை ஆராயும் கிளைமேட் கார்ப்பரேஷனை விலைக்கு வாங்கியது. விதை விற்பவரிடமே வயலின் விவரமும் சேரும் என்ற கவலை எழுந்தது. 2014இல் அமெரிக்க விவசாயச் சங்கங்களும் நிறுவனங்களும் சேர்ந்து, பண்ணைத் தரவு விவசாயிக்கே உரியது என்று ஒரு கொள்கை விளக்கத்தை வெளியிட்டன. அது சட்டம் அல்ல, உடன்பாடு மட்டுமே.

மதிப்பீடு

உணரி தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரை அளந்து பயன்படுத்த உதவுகிறது. வாங்கும் விலை, மின்கலம், பழுதுபார்க்கும் ஆள், விளங்கும் மொழி ஆகியவை அமையாத இடங்களில் நல்ல கருவியும் ஓரிரு பருவங்களில் மூலைக்குப் போய்விடுகிறது. கோயம்புத்தூரிலும் ஆப்பிரிக்காவிலும் எண்களை விட்டு நிறங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே. விவசாயி தானே பார்த்துத் தானே முடிவெடுக்கும்போதுதான் பதம் பார்க்கும் பழைய அறிவுக்கு இக்கருவி துணையாகிறது.