உணர்வெழுத்து முறை

மனத்தை அழுத்தும் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி, அடுத்தடுத்து மூன்று நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து இருபது நிமிடம், பிறருக்குக் காட்டும் எண்ணமின்றி எழுதும் தன்னுதவி முறை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் இதற்கு வடிவம் தந்தார். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த முறை இது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று காட்டியதும் இதுவே.

நம்பிக்கையின் நவீன வரலாறு ஜெர்மானிய மொழியியல் அறிஞர் யாக்கோப் பெர்னைஸிடம் தொடங்குகிறது. துன்பியல் நாடகம் பற்றி அரிஸ்டாட்டில் கூறிய 'கதார்சிஸ்' என்பதை, பேதி மருந்து வயிற்றைச் சுத்தம் செய்வது போன்றதொரு வெளியேற்றம் என்று 1857இல் அவர் விளக்கினார். இவர் சிக்மண்ட் ஃபிராய்டின் மனைவிக்குப் பெரியப்பா முறை. வியன்னா மருத்துவர் யோசெஃப் பிராயரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில் இதே கருத்து சிகிச்சையாக உருவெடுத்தது. அதில் வரும் 'அன்னா ஓ.' என்ற நோயாளி பேசப் பேசக் குணமானதாகச் சொல்லப்பட்டாலும், பிராயரிடம் சிகிச்சை முடிந்த 1882ஆம் ஆண்டிலேயே அவர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். நூலில் அந்தச் செய்தி இல்லை. 1970இல் உளவியலாளர் ஆர்தர் யானோவ் அலறலையே வைத்தியமாக்கினார். பாடகர் ஜான் லெனான் அவரிடம் சென்றதால் அது உலகப் புகழ் பெற்றது.

டல்லஸில் உள்ள தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் நடத்திய சோதனை 1986இல் வெளிவந்தது. 46 மாணவர்கள் நான்கு நாள் தலா 15 நிமிடம் எழுதினர். ஒரு பிரிவுக்கு அற்பமான தலைப்புகள். ஒரு பிரிவு தன் துயரத்தில் உணர்ச்சியை மட்டும் எழுதியது. ஒன்று நடந்ததை மட்டும். இன்னொன்று இரண்டையும் சேர்த்து. எழுதி முடித்த கையோடு துயரத்தை எழுதியவர்களின் மனநிலை மோசமானது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. வெறுமனே உணர்ச்சியைக் கொட்டியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. முறையின் சாரம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. பின்னாளில் வந்த ஜனரஞ்சக நூல்கள் பல இதைக் கண்டுகொள்ளவில்லை.

எழுதிய தாள்களைக் கணினி கொண்டு அலசியபோது காரணம் ஓரளவு புலப்பட்டது. நாளுக்கு நாள் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடியவர்களே அதிகம் தேறியிருந்தனர். சிதறிக் கிடந்த நினைவு கோவையான கதையாவதே பயன் தருகிறது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். கோபத்தில் குத்துப்பையைக் குத்தச் சொல்லி உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 மாணவர்களிடம் நடத்திய 2002ஆம் ஆண்டு ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: கோபமூட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே தவிர, இறங்கவில்லை.

1994இல் வேலையிழந்த பொறியாளர்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நேர்காணலுக்குப் போகவில்லை. ஆனாலும் விரைவில் வேலை பெற்றனர். பழைய நிறுவனத்தின் மீதான ஆத்திரம் தணிந்து நேர்காணலில் உட்கார்ந்ததே காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. 1999இல் ஜோஷுவா ஸ்மித், ஆஸ்துமா அல்லது முடக்குவாதம் உள்ள 112 பேரை ஆராய்ந்தார். நான்கு மாதம் கழித்து, துயரத்தை எழுதியவர்களில் 47 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 24 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தனர்.

ஆரம்ப உற்சாகம் நீடிக்கவில்லை. 146 ஆய்வுகளைத் தொகுத்த ஜோயன் ஃப்ராட்டரோலி, சராசரிப் பலன் உண்டு, ஆனால் மிகச் சிறியது என்று 2006இல் காட்டினார். மணமுறிவுக்குப் பிறகு நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடும் இயல்புள்ளவர்களுக்கு இம்முறை மீட்சியைத் தாமதப்படுத்துகிறது என 2013இல் டேவிட் ஸ்பாராவின் குழு கண்டது. எழுதும்போது தாங்க முடியாது என்று தோன்றினால் அந்தத் தலைப்பை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றை எழுதலாம், அல்லது நிறுத்திவிடலாம் என்பது பென்னிபேக்கர் தரும் விதி. எழுதிய தாளைக் கிழித்துப் போடவும் அவர் அனுமதிக்கிறார்.