சேலம் கண்ட மதுவிலக்கும் சேரி கண்ட சாராயமும்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாள் 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் இன்றைய சேலம் அன்று. நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் மட்டுமின்றித் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒசூரும் அதனுள் அடங்கியிருந்தன. பிரதமராயிருந்த இராஜாஜி அவர்கள் 1925 முதல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கியவர். எனவே சேலத்தை அவர் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

ஆயினும் மதுவை வெறுக்கும் நெறியை நம் மக்களுக்கு மேலோர் வந்துதான் கற்பித்தனர் என்று எண்ணுதல் பிழை. பண்டித அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழின் வாயிலாகப் பௌத்த பஞ்சசீலத்தை நமக்கு எடுத்துரைத்தார். கள்ளுண்ணாமை அவ்வைந்தில் ஒன்று. சட்டம் வருமுன்னரே நம்மிடையே எழுந்த குரல் அது.

அதற்கு முன் நடந்தது என்ன? 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின்படி கள்ளும் சாராயமும் அரசுக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தன. நாட்கூலி பெற்றவனின் காசு கடை வழியே கருவூலம் சென்றது. அவ்வருவாயை இழந்த அரசு அதனை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பின்னர் உலகப் போர்க்காலத்தில், கவர்னர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. விற்பனை வரியோ நிலைத்துவிட்டது! 1948இல் மாகாணம் முழுவதும் மீண்டும் மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது.

கடை மூடிய காலத்திலும் குடி நிற்கவில்லை. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் ஊறவைத்துக் காய்ச்சும் ஊறல், ஓடையோரங்களிலும் கல்வராயன் மலைச்சரிவுகளிலும் மறைவாக நடந்தது. போதை ஏற நவச்சாரம் முதலியவற்றைச் சேர்ப்பாரும் உண்டு. காய்ச்சியதன் அளவும் தூய்மையும் காய்ச்சியவனுக்கே தெரியாது. சட்டத்தின் கையோ பெருமுதலாளியைத் தேடுமுன் சேரியின் குடிசைக் கதவைத் தட்டியது. கைதானவர்களில் நம் ஏழைகள் எத்தனை பேர் என்பதை மூத்தோரைக் கேட்டால் கூறுவர்.

ஈண்டு இளைஞர்கள் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஊறலில் காய்ச்சிய சாராயம் உடலைக் கெடுப்பதே. ஆயினும் ஒரே இரவில் ஒரு தெருவையே பிணக்காடாக்குவது பெரும்பாலும் அதுவன்று. அது மெத்தனால். வார்னிஷ், பெயிண்ட் முதலிய தொழில்களுக்கென ஆலையில் செய்யப்படும் இத்திரவத்தை நீருடன் கலந்து சாராயம் என்றே விற்கின்றனர். நிறத்தாலோ மணத்தாலோ குடிப்பவன் வேறுபாடு காண இயலாது. குடித்தவுடன் வெறும் போதையே தோன்றும். பின்னர் கல்லீரல் அதனைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. பாதி நாளோ ஒரு நாளோ கழிந்த பின் வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் ஆகியவை வரும். 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கக் கூடும். 30 மில்லி உயிரைப் பறிக்கக் கூடும். தாமதமாகத் தோன்றும் இந்த வலியை அஜீரணம் என்று எண்ணி வீட்டில் படுத்துக் கிடந்தோரே மிகுதியும் மாண்டனர்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்தது இதுவே. நம் மக்கள் பெருமளவில் வாழும் அப்பகுதி ஊர்க்கோடியில் இருப்பதன்று. நீதிமன்றமும் காவல் நிலையமும் அருகிலேயே உள்ளன. பாக்கெட்டில் வந்த சாராயத்தைக் கூலி வேலை முடித்தோர் வாங்கிக் குடித்தனர். முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே குடித்தனர் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் அவர்களுள் உண்டு. ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதே நஞ்சு 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

கருணாபுரத்தார் பலர் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1937இல் எந்த நகரிலிருந்து மதுவிலக்கு தொடங்கிற்றோ, அந்நகரின் வாயிலில் ஆம்புலன்சுகள் வந்து நின்றன. மருத்துவம் இல்லாத நஞ்சன்று இது. இரத்தத்தின் அமிலத்தைக் குறைத்தும், மாற்று மருந்து கொடுத்தும், டயாலிசிஸ் செய்தும் காப்பாற்ற முடியும். நேரத்தோடு சேர வேண்டும், அவ்வளவே. போலீசுக்கு அஞ்சியோ, குடித்ததைச் சொல்ல நாணியோ மறைத்தால் மருத்துவர் வேறு நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிடுவார். எனவே 108ஐ அழைக்கும்போதே சாராயம் குடித்தார் என்று கூறிவிடுதல் நன்று. உடன் குடித்தவர் நலமாகத் தோன்றினாலும் அவரையும் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

அவ்வாண்டே மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய சாவுக்குக் காரணமானோர்க்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. பெற்றோரை இழந்த கருணாபுரத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.