குளோரினை யார் குடித்தது?



எங்கள் வானூர்ப் பக்கத்தில் நீச்சல் என்றால் ஒரு காலத்தில் ஏரியும் கிணறும் பம்புசெட் தொட்டியும்தான். இப்போது ஆரோவில் ஓரத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் தோட்ட வீடுகளில், விருந்தினர் விடுதிகளில் நீல ஓடு பதித்த குளங்கள் வந்துவிட்டன. பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் சிலவும் வெட்டிக்கொண்டிருக்கின்றன. சித்திரை வெயிலில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். சாயங்காலம் குளோரின் கொட்டுவார்கள். மறுநாள் மத்தியானம் சோதித்தால் பூஜ்யம். மறுபடியும் கொட்டுவார்கள், மறுபடியும் பூஜ்யம். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

இது காசுள்ளவர்கள் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கிராமத்து மேல்நிலைத் தொட்டியிலும் இதே கதைதான். டேங்க் ஆபரேட்டர் காலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார். கடைசித் தெருக் குழாயில் அதன் சுவடே இல்லை. பச்சைக் குளத்தில் இறங்காமல் இருந்துவிடலாம், குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க முடியுமா? போட்ட குளோரின் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை காண உலகத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வெள்ளைத் துணி வெளுக்கும் திரவத்தின் பெயர் ‘ஓ த ழவெல்’, அதாவது ழவெல் தண்ணீர். ழவெல் என்பது பாரீசுக்கு வெளியே சேன் ஆற்றங்கரையில் இருந்த கிராமம். இப்போது நகரத்தின் 15ஆவது வட்டாரத்துக்குள் அடங்கிவிட்டது. குளோரின் வாயுவை 1774இல் முதலில் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு ஷீலே. அதைத் தண்ணீரில் கரைத்தால் துணி வெளுக்கும் என்று 1785 வாக்கில் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொல்லே. அதைத் திரவமாகத் தயாரித்து விற்ற தொழிற்சாலை ழவெலில் இருந்ததால் அந்த ஊர்ப் பெயரே திரவத்துக்கும் நிலைத்துவிட்டது. 1799இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை பெற்றார். நாம் மூட்டையாக வாங்கும் பிளீச்சிங் பவுடர் அதுதான்.

நம் கேள்விக்கான விடையில் பாதி அப்போதே தெரிந்துவிட்டது. கறையை வெளுக்கும்போது குளோரின் தானும் தீர்ந்து சாதாரண உப்பாகிவிடுகிறது. கறை அதிகமானால் திரவமும் அதிகம் வேண்டும். இன்னொன்றையும் பெர்த்தொல்லே கவனித்தார். குளோரின் கரைந்த நீரை வெயிலில் வைத்தால் அதிலிருந்து பிராணவாயு வெளியேறி, மிஞ்சுவது வீரியமற்ற அமிலம் கலந்த நீர்தான். ஆக, குளோரினுக்குச் செலவு இரண்டு வழியில்: ஒன்று அழுக்கு, மற்றொன்று வெயில். பெர்த்தொல்லேக்குத் துணிதான் கவலை. குடிதண்ணீர் வரை யாரும் யோசிக்கவில்லை.

நோய்க்கும் குளோரினுக்கும் உள்ள உறவைக் கண்டவர்களில் முக்கியமானவர் வியன்னாவில் பணியாற்றிய செம்மல்வைஸ். 1847இல் பிரசவ வார்டு மருத்துவர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். தாய்மார்கள் சாவது வெகுவாகக் குறைந்தது. குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கும் வழக்கம் 1902இல் பெல்ஜியத்தின் மிடல்கெர்க்கே ஊரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே, இந்திய மருத்துவப் பணியில் இருந்த நெஸ்ஃபீல்டு என்ற அதிகாரி, குளோரினைத் திரவமாக்கி உருளையில் அடைத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கலாம் என்று கட்டுரை எழுதினார். காலராவும் டைபாய்டும் நம் நாட்டுப் படைமுகாம்களைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது ஹூஸ்டன் என்ற மருத்துவர் இதே வழியில் தண்ணீரைக் காத்தார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீருக்கு லீல் என்ற மருத்துவர் குளோரின் போட்டார். தண்ணீரில் விஷம் கலக்கலாமா என்று வழக்கு நடந்து, தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

எவ்வளவு போடுவது என்பதுதான் அடுத்த சிக்கல். ஓர் ஊர்த் தண்ணீருக்குப் போதுமானது இன்னொரு ஊருக்குப் போதவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஹாராக்ஸ் இதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். ஒரு கறுப்புக் குவளை, ஆறு வெள்ளைக் குவளை. கறுப்புக் குவளையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக் குவளைகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, முதல் குவளைக்கு ஒரு சொட்டு, இரண்டாவதற்கு இரண்டு என்று கரைசலை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, ஸ்டார்ச்சு கலந்த மருந்து மூன்று சொட்டு விட்டால், எந்தக் குவளையில் முதலில் நீலம் தெரிகிறதோ அதுவே கணக்கு. மூன்றாவது குவளை என்றால் 455 லிட்டருக்கு 6 கிராம். நம் செவிலியர் பள்ளிகளிலும் சுகாதார ஆய்வாளர் வகுப்புகளிலும் இந்தக் குவளைப் பாடம் உண்டு.

நீலம் வராத முதல் இரண்டு குவளைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றிலும் மருந்து விழுந்தது. ஆனால் தண்ணீரிலுள்ள அழுக்கு மொத்தத்தையும் தின்றுவிட்டது. எத்தனையோ கணக்குப் புத்தகம் எழுதிய எனக்கு இது சட்டென்று புரிகிறது: வந்த பணம் முழுவதும் பழைய கடனுக்குப் போய்விட்டால் கையிருப்பில் என்ன எழுதுவது? கடன் அடைந்த பிறகு வருவதே மிச்சம். சோதனைப் பெட்டி காட்டுவது அந்த மிச்சத்தை மட்டும்தான்.

அதே போரில் 1916இல் வெர்தன் களத்தில் பிரெஞ்சுப் படைக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர், பனாமாக் கால்வாய்ப் புகழ் பொறியாளர் புனோ-வாரில்லா. மிகக் குறைந்த அளவு குளோரினை நன்றாகக் கலக்கிவிட்டாலே போதும் என்று சொன்னார். ‘வெர்தனிசாசியோன்’ என்ற சொல்லே பிரெஞ்சில் பிறந்தது. தெளிந்த நீருக்கு அது பொருந்தும். கலங்கிய நீருக்கும் பாசி பிடித்த நீருக்கும் ஹாராக்ஸின் குவளைக் கணக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1915 ஏப்ரலில், ஈப்ர் களத்தில் ஜெர்மானியர் பிரெஞ்சுப் படையின் மீது புகையாக விட்டதும் இதே குளோரின்தான். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கலக்கக் கூடாது என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டாம்.

1939இல் அமெரிக்காவில் கிரிஃபின் என்பவர் இன்னொரு புதிரை விளக்கினார். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் (வியர்வை, சிறுநீர், அழுகிய இலை, உரம் எல்லாம் இதைத் தருபவை) குளோரின் அதோடு சேர்ந்து வீரியம் குறைந்த கூட்டுப்பொருளாகிறது. மேலும் குளோரின் போடப்போட, மிச்சம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகே ஏறத் தொடங்கும். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனை ஒழிக்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் ஆகும். குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் குளோரின் அதிகம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது போதவில்லை என்பதன் அடையாளம்.

வெயிலுக்கு மருந்து 1950களில் வந்தது. சயனூரிக் அமிலம் என்ற பொருளைச் சிறிது சேர்த்தால் வெயில் குளோரினைச் சீக்கிரம் தின்னாது. அது இல்லாத குளத்தில் உச்சி வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆனால் குளத்தில் மிதக்கவிடும் குளோரின் வில்லைகளிலேயே இந்த அமிலம் கலந்திருக்கிறது. குளோரின் தீர்ந்தாலும் அமிலம் தங்கிவிடும். மாதக்கணக்கில் வில்லை போட்ட குளத்தில் அது மிகுந்து, குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இந்த வரலாறு தெரியாமல் போனால் பெரிய இடத்திலும் அவமானம்தான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் 9 அன்று, தாவிக் குதிக்கும் குளம் உலகமே பார்க்கப் பச்சையானது. குளோரின் போட்டிருந்த தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றியிருந்தார்கள். இரண்டும் கிருமிநாசினிதான், ஆனால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காவல் போனதும் பாசி வந்தது. பக்கத்துக் குளத்தின் தண்ணீரை முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, வானூர்க் குளத்துக்கு வருவோம். திருடன் வெயிலா, அழுக்கா என்று கண்டுபிடிக்க ஓர் இரவு போதும். சூரியன் மறைந்ததும் ஒரு தடவை அளக்க வேண்டும், மறுநாள் சூரியன் உதிக்கும் முன் இன்னொரு தடவை. இரவில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்தால் தண்ணீருக்குள்தான் கடன்காரன் இருக்கிறான். இரவில் நின்று பகலில் மட்டும் மறைந்தால் வெயில்.

கடன்காரன் உள்ளே என்றால் அரைகுறையாகப் போடுவது வீண். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்ற 480 கிராம் குளோரின் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஒன்றரைக் கிலோ. வெயிலில் கிடந்த பழைய மூட்டையில் அந்த வீரியம் இருக்காது. முதலில் முந்திரிச் சருகுகளை வாரி, சுவரைத் தேய்த்து, பி.எச். அளவை 7.5க்குள் கொண்டுவர வேண்டும். 8.5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் பொழுது சாய்ந்த பிறகு ஊற்றி, அளவு இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே, வடிகட்டியை இரவும் பகலும் ஓட்ட வேண்டும். செத்த பாசியும் வெளியே போகும்வரை அது குளோரினைத் தின்னும். இன்னொரு எச்சரிக்கை: இளஞ்சிவப்பு நிறம் காட்டும் சோதனையில் குளோரின் மிக அதிகமானாலும் நிறம் வெளுத்துப் பூஜ்யம் போலத் தோன்றும். குளத்து நீரை நல்ல தண்ணீரில் கலந்து மறுபடி சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். அளவு இறங்கும்வரை யாரும் குளிக்கக் கூடாது.

கிராமத்துத் தொட்டிக்கும் இதே கணக்குதான். அடியில் வண்டல் இருந்தால், குழாய் உடைந்து சாக்கடை கசிந்தால், போடுகிற பவுடர் வழியிலேயே செலவாகிவிடும். குடிநீரில் மிஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அது தொட்டியின் அடியில் மட்டும் இருந்தால் போதாது, கடைசி வீட்டுக் குழாயிலும் இருக்க வேண்டும். தண்ணீரில் மருந்து வாடை வீசுகிறது என்று ஆபரேட்டரோடு சண்டை பிடிப்பவர்கள் நம் ஊரில் அதிகம். வாடையே வரவில்லையே, ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த கிராம சபையில் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்பதையும், கடைசித் தெருவில் அளந்த அளவு என்ன என்பதையும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு ஆகாது.