ஸ்டியரிங்கில் ஏறினால் தீட்டுப் போய்விடுமா? வடசென்னையில் தோலும் சாதியும்

தேய்ந்துபோன ஸ்டியரிங்குக்குப் புதுத் தோல் தைப்பதைப் பற்றி எழுத என்ன வரலாறு இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஸ்டியரிங்கைப் பாருங்கள். கவர் தைக்காத வண்டி அரிது. வெயிலும் வியர்வையும் சேர்ந்து சக்கரத்தின் மேல்பூச்சை உரித்துவிடும். பிடித்தால் பிசுபிசுக்கும், வழுக்கும். நாளெல்லாம் வண்டி ஓட்டுகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால் தைக்கிறார்கள். லாரிக்கு ரெக்சின், வசதியான காருக்கு அசல் தோல்.

வேலை இப்படி நடக்கும். பழைய உறையை உரித்து, பள்ளம் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். சக்கரத்தின் சுற்றளவையும் பருமனையும் அளந்து, ஆரக்கால் வரும் இடங்களைக் குறித்துத் தோலை வெட்டுவார்கள். அளவைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் வெட்டவேண்டும். இழுத்துத் தைத்தால்தான் சுருக்கம் விழாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெல்லியதாக்கி, இரு ஓரத்திலும் ஒரே எண்ணிக்கையில் துளை போடுவார்கள். பிறகு மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குறுக்கும் மறுக்குமாக இழுத்து மூடுவார்கள். முடிச்சு வெளியே தெரியாமல் ஆரக்காலின் அடியில் ஒளிந்துகொள்ளும்.

ஒரு முனைக்கு ஒரு ஊசி, இழுத்துப் பிடித்துத் தைப்பது: இந்தத் தையலைச் செருப்புத் தைக்கும் கையில் நாம் பார்த்திருக்கிறோம். குதிரைச் சேணத்திலும் இதே முறைதான். சக்கரத்தில் ஏறினால் 'பிரீமியம்', செருப்பில் இருந்தால் இழிவு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி.

ராயபுரத்துக்கு வந்த தோல்

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில் ரசிகர்கள் கொண்டாடும் இந்தச் செய்தியில் நாம் பார்க்கவேண்டியது அது போன திசை. வாலாஜாவை ஒட்டி இராணிப்பேட்டை. பின்னர் அதே பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. இன்றைக்கும் தமிழகத்தின் தோல் பட்டை அதுதான். கிராமத்தில் செத்த மாட்டின் தோலும், ஆட்டுத் தோலும் பதனிடப்பட்டு, இருப்புப் பாதை வழியே மதராஸ் வந்து, பெரியமேட்டுக் கிடங்குகளில் தரம் பிரிக்கப்பட்டு, கப்பலேறி லண்டன் போயின. ஆவாரம் பட்டையில் பதனிட்ட இந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. முதல் உலகப் போர் வந்தபோது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டும் என்று அரசே இதை மொத்தமாக வாங்கியது.

பேரரசின் காலில் ஏறிய அந்தத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் இறங்கி முடி நீக்கியவர்கள் யார்? சதை சீவியவர்கள் யார்? தோல் ஷாப்புகளின் முதலாளிகளில் முஸ்லிம் வணிகர்கள் பலர், ஏற்றுமதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள். குழிக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பறையரும் அருந்ததியரும். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்வையும் அவர்கள் சங்கம் கட்டிய போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். அதற்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

சால் தண்ணீருக்குத் தீட்டு இல்லை

மோட்டார் பம்பு வருமுன் தமிழக வயல்களுக்குக் கிணற்று நீரை இறைத்தது கவலை ஏற்றம். அதன் சாலும் தும்பியும் தோல். தைத்தவர் சேரியிலிருந்து வந்தவர். அந்தத் தோல் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கி ஏறியது. அந்த நீரில் விளைந்த நெல் அக்கிரகாரத்துக்கும் போனது, கோயிலுக்கும் போனது. தைத்தவர் மட்டும் அதே கிணற்றில் ஒரு குடம் மொள்ளக் கூடாது.

தீட்டு என்பது தோலின் குணமாக இருந்திருந்தால் அந்தச் சாலை யாரும் கிணற்றில் இறக்கியிருக்க முடியாது. மிருதங்கத்தின் தோலும் இதையே சொல்கிறது. பண்ணையாருக்கு எந்தப் பொருள் தேவையோ அது சுத்தம். அதைச் செய்து கொடுத்தவர் கூலியும் உரிமையும் கேட்காதிருக்க அவர் மட்டும் அசுத்தம். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் காட்டியதற்கு இந்தச் சாலைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதே சாலில்தான் நவீனத் தொழில்நுட்பமும் நுழைந்தது. 1903 வாக்கில் மதராஸ் கலைத்தொழிற் பள்ளியில், இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியில், ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அந்தத் தோலை முதலில் பயன்படுத்திப் பார்த்தவற்றில் கவலைச் சாலும் ஒன்று. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய வேலை குரோமில் சில நாட்களில் முடிந்தது. பல்லாவரத்தை அடுத்து 1912 வாக்கில் எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் இன்று குரோம்பேட்டை இருக்கிறது. 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தோல் விஞ்ஞானம் ஆயிற்று. விஞ்ஞானியானவர் மதிக்கப்பட்டார். குழியில் நின்றவர் குழியிலேயே நின்றார்.

சேணத்திலிருந்து காருக்கு

பாரிஸில் 1837இல் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது ஹெர்மேஸ். இன்று உலகின் மிக விலையுயர்ந்த தோல் பைகளை விற்கிறது. சேணத் தையலைத் தன் பெருமையாகக் காட்டி விற்கிறது. மதராஸிலும் இணையான கதை உண்டு. 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி சேணமும் குதிரை வண்டியும் செய்து வளர்ந்தது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். குதிரை போய் எஞ்சின் வந்தது. கடிவாளம் போய் ஸ்டியரிங் வந்தது. இருக்கையும் உறையும் தைக்கிற வேலை அப்படியே காருக்கு மாறியது.

பிறகு ஆலைகள் வடக்கே வந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். டயருக்கு வளர்ந்தது. 1948இல் உருவான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. நம் மக்களில் ஒரு பகுதியினருக்கு இந்த ஆலைகள் முதன்முறையாக மாதச் சம்பளமும், பி.எப்.பும், சாதிப் பெயர் சொல்லி அழைக்காத ஒரு டோக்கன் எண்ணும் கொடுத்தன. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பழுது பார்க்கும் தொழில் மிஞ்சியது: பஞ்சர், டிங்கரிங், சீட் கவர், ஸ்டியரிங் கவர்.

ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து தோல் கப்பலேறியது. இன்று சென்னைத் துறைமுகத்திலிருந்தும், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்திலிருந்தும் கார்கள் கப்பலேறுகின்றன. தோலுறை போட்ட ஸ்டியரிங் அந்தக் கார்களில் விலையைக் கூட்டும் அம்சம்.

தையல் உயர்ந்தது, தைத்தவர்?

இங்கேதான் கவனம் வேண்டும். செருப்புத் தைக்கும் பிளாட்பாரத்துக்கு வேற்றுச் சாதியார் போட்டிக்கு வரமாட்டார்கள். அதே ஊசி, அதே நூல், கண்ணாடிக் கதவு போட்ட கார் அலங்காரக் கடைக்குள் போனால் எல்லாச் சாதியாரும் வருகிறார்கள். வரட்டும், சாதித் தொழில் உடைவது நல்லதுதான். ஆனால் முதலும் கடையும் யாரிடம், துண்டுக் கூலி யாருக்கு என்று கேட்க வேண்டும். பொருளின் மீதிருந்த தீட்டு விலகும்போது லாபம் வேறு கைக்குப் போகிறது. தீட்டு ஒட்டியிருக்கிற இடங்களான மலக்குழியும் தோல் கழிவுத் தொட்டியும் மட்டும் நமக்கென்று ஒதுக்கப்படுகின்றன. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். குழிக்கு ஆள் மாறுகிறது, குழி மாறவில்லை.

எதிர்ப்பும் இந்த வரலாற்றில் உண்டு. நீதிக்கட்சிக் காலத்தில் சட்டமன்றத்தில் பேசிய அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி, சென்னையில் தம் மக்களுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் தோலோடு கிடந்த கைகள் இரவில் பலகை பிடித்தன. ஜப்பானில் தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட புராகுமின் மக்களின் இழிபட்டத்தை 1871இல் அரசாணை ஒழித்தது. இழிவு ஒழியவில்லை. 1922இல் அவர்களே சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைக் கட்டினார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, செத்த மாடுகளை இனி நாங்கள் அகற்றமாட்டோம் என்று தலித்துகள் அறிவித்தார்கள். தமிழகத்தில் அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேலையை மறுக்கும் உரிமையும், வேறு வேலைக்குப் போகும் வழியும், இரண்டும் சேர்ந்ததுதான் விடுதலை.

மாணவத் தோழர்கள் செய்யவேண்டியது

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் சீட் கவர், ஸ்டியரிங் கவர் தைக்கிறவர்களைச் சந்தியுங்கள். யாரிடம் கற்றார்கள், அவர்களின் தாத்தா என்ன தைத்தார், கூலி எவ்வளவு, கடை யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். சாதியை வாய்விட்டுக் கேட்டு அவர்களைக் கூசவைக்காதீர்கள். தொழிலைக் கேட்டால் வரலாறு தானாக வரும். பெயர் வெளியிட அனுமதி வாங்குங்கள். கடை வைக்க விரும்புகிறவருக்குத் தாட்கோ கடன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அந்தக் கடன் எத்தனை பேருக்கு, எந்தத் தொழிலுக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பெரியமேட்டுத் தோல் கிடங்குக்கும் எண்ணூர்க் கார் முனையத்துக்கும் நடுவே நூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் கணக்கை இதுவரை முதலாளிகள்தான் எழுதிவந்தார்கள். இனி நாம் எழுதுவோம்.

ஜெய் பீம்!