ஸ்கோப்புக்கு எந்த ஹெட்?

பள்ளிக்கரணைச் சாலையோரம் ட்ரைபாடை விரித்து, ஸ்பாட்டிங் ஸ்கோப்பை 20 மடங்கிலிருந்து 60 மடங்குக்குத் திருகிப் பாருங்கள். சேற்றில் மேய்வது கொசு உள்ளானா, டெம்மிங்க் உள்ளானா? காலைப் பார்த்தால்தான் தெரியும்: முன்னதற்குக் கருப்பு, பின்னதற்கு மஞ்சள். பறவையோ சிட்டுக்குருவி அளவுதான். பின்னால் ஒரு லாரி போனாலே காட்சி நடுங்குகிறது. ஸ்கோப்புக்கு யோசிக்காமல் பணம் கொடுப்பவர்கள் அதைத் தாங்கும் ஹெட் என்றதும் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

அந்தச் சுருக்கிய கைக்குள் அடங்குபவை இரண்டு: கேமராக்காரர்களின் பால் ஹெட், வீடியோக்காரர்களின் ஃபுளூயிட் ஹெட்.

பால் ஹெட் என்பது கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, பக்கத்தில் ஒரு திருகு. அவ்வளவுதான். எடை குறைவு, பைக்குள் அடங்கும். கேமராவை நினைத்த பக்கம் சாய்க்கலாம். ஆனால் ஸ்கோப் கேமரா இல்லை. நீளமானது, 80 மி.மீ. லென்ஸ் என்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துவிடும். கோடியக்கரை உப்பளத்தில் காற்றடித்த ஒரு காலை, நான் திருகைத் தளர்த்திய நொடியில் ஸ்கோப்பின் மூக்கு தொங்கியது. பின்பக்கம் எழும்பி என் புருவத்தில் இடித்தது. வீங்கிய புருவத்தோடு பூநாரை பார்த்தேன்.

இடித்ததைக்கூட மன்னிக்கலாம். இறுக்கிய பிறகும் மயிரிழை இறங்குகிறதே, அதுதான் பொறுக்க முடியாதது. கேமராவில் அது கண்ணில் படாது. 60 மடங்கில் பார்வைப் புலம் ஏறக்குறைய ஒரு பாகை. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பதினேழு மீட்டர் அகலம். ஹெட் கால் பாகை இறங்கினாலும் நடுவில் நிறுத்திய பறவை ஓரத்துக்குப் பாதி வழி போய்விடும். மறுபடி தேடல், மறுபடி இறுக்கல்.

ஃபுளூயிட் ஹெட்டில் இடவலம் தனி, மேல்கீழ் தனி. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. நீண்ட கைப்பிடியை ஒரு விரலால் தள்ளியே நீர்நிலையின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை துழாவலாம். தொடுவானம் சாயாது. மலிவு ரகத்தில் ஒரு சங்கதி உண்டு: பெயரில்தான் ஃபுளூயிட், உள்ளே பல நேரம் வெறும் கிரீஸ். நகர ஆரம்பிக்கும்போது ஒட்டிக்கொண்டு பிறகு துள்ளும். கைப்பிடியை விட்டதும் சற்றே பின்வாங்கும். அதனால் பெயரை நம்பாமல் தாங்கும் எடையைப் பாருங்கள். பென்ரோவின் எஸ்2 இரண்டரை கிலோ தாங்கும், எஸ்4 நான்கு கிலோ. போன் மாட்டிப் படமெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு எஸ்2 போதாது.

ஸ்கோப்பை ஹெட்டில் மாட்டும் தட்டு விஷயத்தில் மட்டும் பால் ஹெட் கட்சிக்கு ஓட்டுப் போடுவேன். அதில் பெரும்பாலும் ஆர்கா-ஸ்விஸ் தட்டுத்தான்; ஒன்று தொலைந்தால் எந்தக் கடையிலும் இன்னொன்று கிடைக்கும். வீடியோ ஹெட்டுக்கு கம்பெனிக்கு ஒரு தட்டு. ஆனால் அந்தத் தட்டு நீளமானது. ஸ்கோப்பை முன்னும் பின்னும் தள்ளி எடையைச் சமன் செய்யலாம். சமன் செய்துவிட்டால் மலிவு ஹெட்டின் பாதிக் குறை மறைந்துவிடும்.

50 மி.மீ. குட்டி ஸ்கோப், ஒரு கிலோவுக்குக் கீழே, 30 மடங்கைத் தாண்டுவதில்லை, மலையேறும் பழக்கம் வேறு என்றால் கையிலுள்ள பால் ஹெட்டே போதும். மற்றவர்கள் அதே காசுக்குச் சிறிய வீடியோ ஹெட் வாங்குங்கள்.

வாங்கும்போது ஸ்கோப்பையும் கடைக்கு எடுத்துப் போங்கள். எதிர்க் கட்டடத்துப் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தை நடுவில் நிறுத்திக் கையை எடுங்கள். எழுத்து நகர்ந்தால் அடுத்த ஹெட்டைக் காட்டச் சொல்லுங்கள்.